விருந்தினருக்கு மட்டும்

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்திலிருந்து கடலை நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால், ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் விடுதி இருந்தது. 'இருந்தது' என்று எழுதுகையில் கை சற்றே தயங்குகின்றது. கட்டடம் இன்றும் இருக்கின்றது, விடுதிதான் இல்லை. பதினெட்டு அறைகள், மாடிக்குச் செல்ல மரப்படி, முன்கூடத்தில் நீண்டதொரு மேசை, அதன்மேல் தடித்த பதிவேடு. கீழக்கரையிலிருந்து பிழைப்பு நாடிச் சென்னை வந்த என் வாப்பா, 1958இல் அக்கட்டடத்தை வாங்கி விடுதி தொடங்கினார்கள். எழுபதுகளின் தொடக்கம் வரை ரஜூலாக் கப்பலிலும், அதன்பின் சிதம்பரம் கப்பலிலும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் எங்களிடம் தங்கினர். துறைமுகத்தில் சரக்கு எடுக்க வந்த வணிகர்களும், எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பொருத்த வந்த வடநாட்டுப் பணியாளர்களும் தங்கினர்.

முன்கூடத்துச் சுவரில் வாப்பா ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். விடுதிக்குள் மது அருந்துதல் கூடாது என்பதே அதிலிருந்த ஒற்றை விதி. அறையைக் காலி செய்யும் நேரமோ, திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்பதோ அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. வந்தவர்கள் அதைப் படித்துச் சிரித்ததுண்டு. ஏனென்றால் அக்காலத்தில் தமிழகமெங்கும் மதுவிலக்கு. அரசே தடுத்துவிட்ட ஒன்றை விடுதிக்காரர் எதற்காகத் தனியே தடுக்க வேண்டும்?

வாப்பா அதற்கு விடை கூறியதில்லை. அரசின் விதி மாறக்கூடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே இப்போது எண்ணுகின்றேன்.

மாறித்தான் போயிற்று. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. கள்ளுக்கடை வருவாய் போனதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவே 1939இல் விற்பனை வரி என்னும் புதிய வரியை ராஜாஜி கொண்டுவந்தார். குடியிலிருந்து வரும் பணம் வேண்டாம் என்றால் வேறு வழியில் பணம் தேட வேண்டும் என்ற நேர்மையான கணக்கு அது. 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. முதுமையிலும் ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் பயனில்லை. மூன்றாண்டுகளுக்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் திறக்கப்பட்டன. அவ்வாண்டிலேதான் மது உரிமங்களுக்கும் அனுமதிகளுக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. எஃப்.எல்.2 என்பது மனமகிழ் மன்றங்களுக்கு, எஃப்.எல்.3 என்பது நட்சத்திரத் தரம் பெற்ற விடுதிகளுக்கு. வேறு பலவும் மாறியபோதிலும் அவ்விரு எழுத்துகளும் எண்களும் இன்றளவும் மாறவில்லை.

மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்திலும் விருந்தினருக்கென ஒரு சன்னல் திறந்தே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கும், உடல்நலத்தின் பொருட்டு மருத்துவச் சான்று காட்டியோருக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. பெரிய விடுதியில் திரைக்குப் பின்னே கண்ணாடிக் குவளையில் ஊற்றப்பட்டது சட்டப்படி சரி. அதே நேரத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் சந்தில் நின்று வார்னிஷைக் குடித்துவிட்டுச் சிறைக்கோ மருத்துவமனைக்கோ போனான். வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியன்று. சட்டம் மதுவைக் கண்டதைக் காட்டிலும், குடிப்பவன் அமர்ந்திருந்த நாற்காலியையே கூர்ந்து கண்டது.

1981இல் ஒரு மாலை, அஸர் தொழுகை முடித்து வாப்பா முன்கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். மதுக்கடை எடுத்திருந்த ஒருவர் வந்தார். கீழ்த்தளத்துத் தெருவோர அறைகள் இரண்டையும் வாடகைக்குத் தந்தால், பதினெட்டு அறைகளும் சேர்ந்து ஈட்டும் மாத வருமானத்தைக் காட்டிலும் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். நீங்கள் விற்க வேண்டாம், தொட வேண்டாம், சாவியைக் கொடுத்தால் போதும் என்றார். வாப்பா அவருக்குத் தேநீர் வருவித்துக் கொடுத்துவிட்டு, "வந்ததற்கு நன்றி தம்பி. இது நடக்காது" என்றார்கள். அவர் போனபின் என்னிடம் சொன்னார்கள்: "கப்பல் ஒருநாள் நிற்கும். அப்பொழுதும் இதேபோல ஒருவர் வருவார். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன்."

கப்பல் நின்றது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் பல மாண்டன. சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பலேறிய காலம் அத்தோடு முடிந்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலப் பெட்டக முனையம் வந்திருந்தமையால், சரக்குக்காக நாட்கணக்கில் காத்திருந்த வணிகர்களும் சிறுகச் சிறுகக் குறைந்தனர். 1988இல் வாப்பா மௌத்தானார்கள். பதிவேடும் சாவிக்கொத்தும் பலகையும் என் கைக்கு வந்தன.

இனி எழுதப்போவதை இத்தனை ஆண்டுகளாக எவரிடமும் நான் சொன்னதில்லை.

பலகையை நான் கழற்றவில்லை. ஆனால் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். காலி அறைகள் மிகுந்தபோது, வருகின்ற சிலரையும் கண்டிப்புக் காட்டி இழக்க மனம் வரவில்லை. மாலையில் அறை மணி ஒலிக்கும். பையன் மாடிக்கு ஓடுவான். பின் கையில் துணிப்பையுடன் தெருமுனைக்குப் போவான். திரும்பி வருகையில் பை கனத்திருக்கும். பதிவேட்டில் தலைகவிழ்ந்து எதையோ எழுதுவதாகப் பாவனை செய்வேன். நான் விற்கவில்லை; நான் வாங்கவுமில்லை; அறைக்குள் நடப்பது அவரவர் பொறுப்பு என்று என் மனத்துக்கு நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

அந்தப் பையன் இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன்; நம்மவன். வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. அவன் தாய் என் உம்மாவின் கையைப் பிடித்து, "உங்கள் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். அவன் வாங்கி வந்த ஒவ்வொரு புட்டிக்கும் விருந்தினர் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ கொடுத்தனர். காலையில் அறையைப் பெருக்கும்போது புட்டிகளின் அடியில் எஞ்சியிருந்ததும் அவனுக்குக் கிடைத்தது. ஓராண்டுக்குள் அவன் சுபுஹுத் தொழுகைக்கு எழுவதை விட்டான். இரண்டாம் ஆண்டு, மரப்படியின் கீழ் நினைவின்றிக் கிடந்தான்.

அன்று நான் செய்தது என்ன தெரியுமா? அவனைக் கணக்கு முடித்து அனுப்பினேன். அவன் தாயை அழைத்து, குடிகாரனை வைத்துக்கொள்ள இயலாது என்று கண்ணியமான குரலில் சொன்னேன். அந்தத் தாய் சுவரிலிருந்த பலகையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மாடியறையில் முந்திய இரவு அவனிடம் புட்டி வாங்கிவரச் சொன்ன விருந்தினர், அதே வேளையில் படியிறங்கி வந்தார். அவருக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இழுத்துக்கொண்டிருந்த அவனைக் கண்டேன். முப்பது வயதுக்குள் கைகள் நடுங்கின. என்னைக் கண்டதும் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், முதலாளி" என்றான். அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் என் தொண்டை அடைத்தது. 2009இல் அவன் இறந்த செய்தி வந்தது. ஜனாஸாவுக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றேன்.

இனி அண்மைக் கதைக்கு வருகின்றேன். கொரோனாக் காலத்தில் மூடிய விடுதியை மீண்டும் திறக்க என் உடலும் இடம் தரவில்லை, வரவும் இடம் தரவில்லை. கட்டடத்துக்கு உரியவர்கள் மூவர்: நானும் என் தம்பியும் எங்கள் தங்கையும். ஷரீஅத் கணக்கில் ஐந்து பங்கு. எங்கள் இருவருக்கும் இவ்விரண்டு, தங்கைக்கு ஒன்று. தங்கை கணவனை இழந்தவள். மணமாக வேண்டிய பெண்மக்கள் இருவர் உண்டு. தம்பிக்குத் தொழிலில் நேர்ந்த கடன் கழுத்தளவு. அவ்வேளையில் விடுதி நிறுவனமொன்று எங்களைத் தேடி வந்தது. பத்து அறைகளேனும் உள்ள விடுதியே நட்சத்திரத் தரத்துக்கு மனுச்செய்ய இயலும். எங்களிடம் பதினெட்டு இருந்தன. கட்டடத்தைப் புதுப்பித்து, நட்சத்திரத் தரமும் எஃப்.எல்.3 உரிமமும் பெறுவோம் என்றனர். துறைமுகத்துக்கும் எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் வருகின்ற அலுவலர்கள் தங்கும் விடுதி. மது விருந்தினருக்கு மட்டும் என்றனர். அவர்கள் சொன்ன வாடகை எங்கள் மூவர் கவலையையும் ஒரே மாதத்தில் துடைக்கக்கூடியது.

விருந்தினருக்கு மட்டும் என்ற சொற்றொடரைப் பற்றி அதன்பின் நிறையச் சிந்தித்தேன். வெளிநாட்டுப் பயணி வருவார், சுற்றுலா வளரும், அன்னியச் செலாவணி சேரும் என்பதே இவ்வுரிமத்துக்குச் சொல்லப்படும் நியாயம். மாலத்தீவில் குடிமக்களுக்கு மது தடை. உல்லாசத் தீவுகளில் தங்கும் வெளிநாட்டு விருந்தினருக்கோ அனுமதி. கடல் நடுவே தனித்தீவாக இருப்பதால் அங்கே அந்த வேலி ஓரளவு நிற்கின்றது. இராயபுரத்துத் தெருவில் வேலி ஏது? அறையெடுத்தவன் யார், அந்தி நேரத்தில் வாசல்வழி நுழைந்தவன் யார் என்று எவர் பிரித்துப் பார்க்கப்போகின்றார்?

கேரளம் 2014இல் வேறொரு வழியை முயன்றது. ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு மட்டுமே மதுக்கூடம் என்று அரசு முடிவெடுத்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட மதுக்கூடங்கள் கதவடைத்தன. உச்சநீதிமன்றமும் 2015 டிசம்பரில் அதனை ஏற்றது. ஆனால் 2016இல் ஆட்சி மாறியது; 2017இல் மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் கதவு திறந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கலாகாது என்று, தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் பாலு தொடர்ந்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கடைக்கு மட்டுமன்று, விடுதிக்கும் பொருந்தும் என்று 2017 மார்ச்சில் விளக்கமும் தந்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று மற்றொரு விளக்கம் வந்தது. தமிழக அரசு 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களில்கூடச் சிறப்பு உரிமம் பெற்று விருந்தினருக்கு மது பரிமாறலாம் என்று அறிவித்தது. எதிர்ப்பெழவே மண்டபங்களை விலக்கிக்கொண்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையிலெடுத்துக்கொண்ட அரசுக்கு, 2023-24இல் மதுவால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். விற்பனை வரியைக் கண்டுபிடித்தேனும் கள்ளுக்காசை விட்ட மாநிலம் இது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சட்டத்தால் மட்டும் குடியைத் துடைக்கலாம் என்று நான் வாதிடவில்லை. 2023இல் மரக்காணம் அருகேயும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஏழைகள் மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர். அரசுக் கடை இருக்கும்போதே இது நடக்கின்றது, இல்லாதபோதும் நடந்தது. ஆகவே நாட்டுக்கு எது தக்க சட்டம் என்று தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. என் முன்னிருந்த வினா அதைவிடச் சிறியது. ஆனால் தப்பிக்க இயலாதது. என் கையிலுள்ள சாவியை யாரிடம் கொடுப்பது?

தம்பி படித்தவன், வாதத்தில் வல்லவன். "காக்கா, மது தொடர்பில் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக ஹதீஸ் இருக்கிறது. பிழிந்தவர், சுமந்தவர், விற்றவர், அதன் விலையைத் தின்றவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் இல்லையே! அதோடு, இப்படி வாடகைக்கு விடலாம் என்று அபூஹனீபா இமாமே சொல்லியிருக்கிறார்களாமே?" என்றான்.

பதில் தெரியாமல், எங்கள் மஹல்லாவின் மூத்த ஹஸ்ரத்திடம் இருவரும் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் தம்பி கேட்டது உண்மைதான். கூஃபாவைச் சூழ்ந்த ஊர்ப்புறங்களில், முஸ்லிமல்லாதார் மிகுந்த இடத்தில் அப்படி வாடகைக்கு விடுவது பற்றி இமாம் அவர்களின் கருத்து அது. அவர்களுடைய இரு மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் கூடாது என்றே சொன்னார்கள். நாமோ ஷாபிஈ. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே கொடுப்பதற்கு நம் மத்ஹபில் வழியில்லை" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "சட்டம் கேட்க வந்தீர்களா, ஆறுதல் கேட்க வந்தீர்களா?" என்றார். நாங்கள் பேசவில்லை.

அப்போது அவர் இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டினார். மதுத் தடை ஒரே நாளில் வந்ததன்று. அதிலே பயனும் உண்டு, ஆனால் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது. பின்பு போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று விலக்கப்பட்டது. முடிவாக 'அல்மாயிதா' அத்தியாயத்தில் முற்றாகத் தடுக்கப்பட்டது. அந்த இறுதிக் கட்டளை மதீனாவின் தெருவில் முழங்கப்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. விருந்தினருக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். குரல் காதில் விழுந்ததும், போய்க் கொட்டிவிடு என்றார் வீட்டுக்காரர். இருப்பதைக் குடித்து முடிப்போம் என்றோ, விருந்தினர் முகம் கோணுமே என்றோ எவரும் சொல்லவில்லை. தெருவெல்லாம் மது ஓடியது.

மற்றொன்று, அதே அபூதல்ஹா (ரலி) அவர்களின் பொறுப்பில் அநாதைகள் சிலர் இருந்தனர். அவர்களுக்கு வாரிசுச் சொத்தாக மது வந்திருந்தது. அநாதைகளின் பொருளாயிற்றே, அதைக் காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். வேண்டாம், கொட்டிவிடும் என்பதே விடையாக வந்தது.

இதைக் கேட்டு வீடு திரும்பும் வழியில் தம்பி பேசவேயில்லை. எனக்கோ அனஸ் (ரலி) அவர்களின் பெயர் கேட்டதிலிருந்து அந்த இராமநாதபுரத்துப் பையனின் நினைவே. ஒரு வீட்டில், விருந்தினருக்கு ஊற்றிக்கொண்டிருந்த இளைஞரை அந்த வேலையிலிருந்து விடுவித்தது இறைக்கட்டளை. என் விடுதியில், பதினாறு வயதுச் சிறுவனை அந்த வேலைக்குள் அனுப்பியது என் மௌனம். சுமந்தவரும் சுமந்துவரச் செய்தவரும் ஒரே பட்டியலில் இருக்கையில், கட்டடச் சொந்தக்காரர் எந்த வரியில் ஒளிந்துகொள்வார்?

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையனின் கதையையும் சேர்த்தே சொன்னேன். அநாதைகளின் நிகழ்ச்சியைச் சொல்ல மட்டும் கூச்சமாயிருந்தது; அவள் பிள்ளைகளும் தகப்பனை இழந்தவர்களன்றோ! ஆனால் அவளே முந்திக்கொண்டாள். "காக்கா, அந்தப் பையனின் தாய் பலகையைப் பார்த்தபோது நானும் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் பிள்ளைகளின் கல்யாணப் பந்தலில் அந்த அம்மாளின் முகம் எனக்கு வரக்கூடாது. வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றாள்.

வேறு யாருக்கு? ஆறு மாதம் அலைந்தோம். இறுதியில், மணலியிலும் எண்ணூரிலும் வேலைக்குச் செல்லும் பெண்களுக்குத் தங்கும் விடுதி நடத்த ஓர் அம்மையார் முன்வந்தார். வாடகை, நிறுவனம் சொன்னதில் பாதிக்குச் சற்றே கூடுதல். தங்கையின் பங்கில் குறைந்த தொகையை மாதந்தோறும் என் பங்கிலிருந்து ஈடுசெய்து வருகின்றேன். அது தருமமன்று, பழைய கடன். தம்பி கையெழுத்திட்டான், ஆனால் மனம் நிறைந்து இட்டான் என்று சொல்லமாட்டேன். அவன் கடன் இன்னும் தீரவில்லை. பெருநாளன்று வருகின்றான், பிரியாணி உண்ணுகின்றான், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. சரியான முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அதை முடிவெடுத்தவன் மட்டுமே செலுத்துவதில்லை என்பதை அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உணர்கின்றேன்.

நம் சமுதாயத்தில் குடிப்பவரைப் பழிப்போர் பலர், அது எளிது. குடியினால் வருகின்ற காசு எந்தெந்த வாசல் வழியாக நம் வீட்டுக்குள் நுழைகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடைக்கு வாடகையாக, மதுக்கூடத்துக்கு ஐஸாகவும் சோடாவாகவும், விடுதிக்குப் பங்காக அது வரக்கூடும். நம் கையால் தொடவில்லை என்ற சமாதானத்தோடு நாம் பள்ளிவாசலின் முதல் வரிசையிலும் நிற்கக்கூடும். இதை வாசிக்கும் சகோதரர்களையும் சகோதரிகளையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. குற்றவாளி யார் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

சென்ற மாதம் அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். முன்கூடத்தில் பெண்கள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். சுவரில் வாப்பாவின் பலகை இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் ஒன்று தெரிந்தது. பலகையை எடுத்து வந்து என் அறையில் சாய்த்து வைத்திருக்கின்றேன். இப்போது அதை நாள்தோறும் படிக்கின்றேன்.

வல்ல அல்லாஹ் அந்தப் பையனின் பிழைகளை மன்னித்து அவனுடைய கப்றை விசாலமாக்குவானாக! அவனுக்கு என்னால் நேர்ந்ததை மறுமையில் என்மீது வழக்காக்காதிருப்பானாக! நம் அனைவருக்கும் தூய்மையான ரிஸ்கைத் தந்து, அது குறைவாயினும் அதில் பரக்கத்தைச் சேர்ப்பானாக! ஆமீன்.